ரோபோ ரீமுக்குக் கடைக்காரர் தாற காசை வாங்கலாமோ? ஒரு ரீச்சரின்ர கடிதமும் என்ர பதிலும்

முல்லைத்தீவு மாவட்டத்தில ஒரு பாடசாலையில தொழில்நுட்பம் படிப்பிக்கிற ரீச்சர் ஒருவர் ஆறு பக்கத்தில கடிதம் எழுதியிருக்கிறா. ஆளை அடையாளம் தெரியாமலிருக்க சில விசயங்களை மாத்தியிருக்கிறன், மற்றபடி கதை அவவின்ர கதைதான்.

ரெண்டு வருசத்துக்கு முதல் ஒரே ஒரு ஆர்டுயினோ போர்ட்டோட (கோட் எழுதி மெசினை இயக்கிற சின்ன மின்னணுப் பலகை), பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒரு வகுப்பறையில தொடங்கினது இந்த ரொபோட்டிக்ஸ் ரீம். இப்ப தரம் 10ல இருந்து 12 வரைக்கும் ஒன்பது பிள்ளையள், அதில ஐஞ்சு பேர் பொம்பிளைப் பிள்ளையள். மாகாண மட்டத்தில வெண்டு, வாற பங்குனியில கொழும்பில நடக்கிற போட்டிக்குத் தெரிவாகியிருக்கினம். சாமான், வான் காசு, தங்குமிடம், ரீசேட் எல்லாம் சேர்த்து 2,85,000 ரூபா வேணும். இதுவரைக்கும் ரீச்சர் தன்ர காசில 64,000 போட்டிருக்கிறா, அதில கொஞ்சம் காப்பு அடகு வைச்ச காசு.

ஐப்பசியில அஞ்சாறு கடை ஏறி இறங்கினவ, எல்லாரும் "பாப்பம் ரீச்சர்" எண்டு அனுப்பிப்போட்டினம். பேந்து மூண்டு பேர் தாமாக வந்திருக்கினம். அரிசி ஆலைக்காரர் ஒருத்தர் 50,000 தாறன், பற்றுச்சீட்டு ஒண்டும் வேண்டாம், உங்கட எக்கவுண்ட் நம்பரைத் தாங்கோ எண்டுறார். ஹாட்வெயார் கடை முதலாளி அலுமினியக் குழாய், ஆணி, வயர் எல்லாம் தாறாராம், ஆனா தரம் 10ல படிக்கிற மகனை ரீமில சேர்த்து கப்டன் ஆக்கோணும். பாடசாலைக்கு பெயின்ற், சீமெந்து குடுக்கிறதும் அவர்தான். மூண்டாவது ஒரு லீசிங் (தவணைக் கடன்) கொம்பனியின்ர கிளை, அவை 1,50,000 தருவினம். பதிலுக்கு ரீசேட்டில பேர், ஒரு வருசத்துக்கு பிள்ளையளின்ர படங்களை விளம்பரத்துக்குப் பாவிக்க அனுமதி, பெற்றார் கூட்டத்தில அரை மணித்தியாலம், பெற்றாரின்ர பேரும் போன் நம்பரும் உள்ள லிஸ்ட்.

அதிபர் "உங்கட பொறுப்பில செய்யுங்கோ, எனக்கு ஒண்டும் தெரியாது" எண்டு சொல்லிப்போட்டார். ஸ்டாப் ரூமில "ரோபோ எண்டு சொல்லி நல்லாச் சேர்க்கிறா" எண்டு ஒரு கதை ஓடுது. இதுக்குள்ள ரீமில நல்லா கோட் (கணினி நிரல்) எழுதுற ஒரு பிள்ளை, அந்த லீசிங் கொம்பனியின்ர பேர் போட்ட ரீசேட்டைத் தான் போடமாட்டன் எண்டு நிக்குது. ஏன் எண்டு கேட்டா சொல்லுதில்லை.

ரீச்சர் கேக்கிறது இதுதான்: காசு என்ர எக்கவுண்டுக்கு வந்தா பிழையோ, போன் நம்பர் குடுக்கலாமோ, நாளைக்கு ரோபோ ஆருக்குச் சொந்தம், ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு, அந்தப் பிள்ளையை என்ன செய்யிறது. கடைசியில ரெண்டு வரி, "எங்கட சனம் கோயிலுக்குக் குடுக்கும், படிப்புக்குக் குடுக்காது. அமெரிக்காவில எண்டால் கொம்பனியள் தேடி வந்து குடுக்கும், எங்கட பிள்ளையள் பிறந்த இடம் பிழை" எண்டு.

ரீச்சர்,

உங்கட கடிதத்தில காப்பை அடகு வைச்சதை அரை வரியில சொல்லிப்போட்டு அடுத்த விசயத்துக்குப் போயிட்டீங்கள், எனக்கு அந்த இடத்தைத் தாண்டிப் போகக் கனநேரம் எடுத்தது. நீங்கள் செய்திருக்கிறது பெரிய வேலை. நான் படிச்ச காலத்தில வன்னிக்குள்ள கறண்டே இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட ஆக்கள் நாங்கள், விஞ்ஞானப் பாடத்தில மோட்டர் எண்டதைப் படத்திலதான் கண்டது. இண்டைக்கு அதே மண்ணில ஒன்பது பிள்ளையள் சென்சர் பூட்டி தானாக ஓடுற மெசின் செய்யுதுகள் எண்டால் அது எனக்கு லேசான விசயமில்லை. அதனாலதான் சில விசயங்களைக் கொஞ்சம் கண்டிப்பாச் சொல்லப் போறன், உங்களிலயும் பிள்ளையளிலயும் ஒரு சொட்டுக் கறையும் படக்கூடாது எண்டதுக்காக.

காசு ஆரின்ர கையுக்கு வருது

உங்கட சொந்த எக்கவுண்டுக்கு ஒரு ரூபாயும் வரக்கூடாது. ஆலைக்காரர் நல்ல மனுசனா இருக்கலாம், வருமான வரிக்காரருக்குக் கணக்குக் காட்டப் பஞ்சியில பற்றுச்சீட்டு வேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாம், அது வேற கதை. ஆனா நீங்கள் அரச ஊழியர். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் எண்டொரு சட்டம் இப்ப நடைமுறையில இருக்கு, அரச ஊழியர் ஒருத்தர் தன்ர பதவியோட சம்பந்தப்பட்டு சட்டம் அனுமதிக்காத நன்மை ஒண்டை வாங்கினா அது குற்றம். உங்கட மனசில அப்பிடி ஒண்டும் இல்லை எண்டு எனக்குத் தெரியும். ஆனா நாளைக்கு ஆரும் ஒரு மொட்டைக் கடிதத்தை வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போட்டா, விசாரிக்க வாறவர் முதல்ல பாக்கிறது உங்கட மனசை இல்லை, பாங்க் புத்தகத்தை. அதில 50,000 வந்திருக்கும், பற்றுச்சீட்டு இருக்காது. அது உங்கட சம்பளமில்லை எண்டதுக்கும் ரோபோவுக்குத்தான் போனது எண்டதுக்கும் நீங்கள் ஒருத்தர்தான் சாட்சி. ஸ்டாப் ரூமில ஓடுற கதையும் இதாலதான் நிண்டு பிடிக்குது, அதை மறுக்க உங்களிட்ட இப்ப ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

வழி லேசு. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு எக்கவுண்ட் இருக்கு, காசு அதுக்குள்ள வரட்டும். தாறவருக்கு சங்கத்தின்ர பற்றுச்சீட்டு போகட்டும். ரொபோட்டிக்ஸுக்கு எண்டு தனியா ஒரு பக்கத்தில வரவும் செலவும் எழுதுங்கோ. ஆலைக்காரரிட்டப் போய் "ஐயா, உங்கட காசு சங்கத்துக்கு வந்தாத்தான் பிள்ளையள் உங்கட பேரைப் பயமில்லாமச் சொல்லுங்கள்" எண்டு மரியாதையாச் சொல்லிப் பாருங்கோ. அதுக்கும் மாட்டன் எண்டா அந்தக் காசை விட்டிடுங்கோ. அவரிட்ட கணக்கில வராத காசு இருந்தா அதை வெள்ளையாக்கிற இடமா உங்கட ரீம் இருக்கத் தேவையில்லை.

அதிபர் "எனக்குத் தெரியாது" எண்டு சொன்னதில நீங்கள் ஒரு பிழையான முடிவெடுத்திருக்கிறீங்கள், அவர் விட்டுட்டார், இனி நான்தான் எல்லாம் எண்டு. அப்பிடி அவரால விட ஏலாது. அபிவிருத்திச் சங்கத்துக்குத் தலைவரே அதிபர்தான். பாடசாலையின்ர பேரில காசு சேர்த்தா அது அவருக்குத் தெரியாம நடந்தது எண்டு அவர் சொன்னாலும் ஆரும் ஏத்துக்கொள்ளமாட்டினம், தெரிஞ்சும் சும்மா இருந்தார் எண்டால் இன்னும் மோசம். அவரோட சண்டை பிடிக்காதேங்கோ, அவருக்கு பயம் கணக்காய்வில. அந்தப் பயத்துக்கு மருந்து குடுங்கோ: செலவு விபரம் ஒரு பக்கம், ஆர் ஆர் என்ன தாறினம் எண்டு ஒரு பக்கம், சங்கக் கூட்டத்தில ஒரு தீர்மானம், தேவையெண்டா வலயத்துக்கு அறிவிச்சு ஒரு கடிதம். தீர்மானம் ஏறிட்டா பொறுப்பு உங்கட தலையில இருந்து சங்கத்துக்குப் போயிடும், அவருக்கும் நிம்மதி. வாய்ப்பேச்சில கேக்காதேங்கோ, எழுத்தில குடுத்து, திகதி போட்டு, கொப்பி ஒண்டை வைச்சிருங்கோ.

உங்கட அந்த 64,000. வாற காசில இருந்து சத்தம் போடாம எடுத்து காப்பை மீட்கலாம் எண்டு மட்டும் நினைக்காதேங்கோ, நினைக்கிறது நியாயம்தான், ஆனா செய்யிற விதம் உங்களைக் கவுத்துப்போடும். இருக்கிற பில் எல்லாத்தையும் சேருங்கோ, பில் இல்லாததுக்குத் திகதி, சாமான், விலை எழுதி ஒரு லிஸ்ட் போட்டு ரெண்டு பேரின்ர கையெழுத்து வாங்குங்கோ. அதைச் சங்கக் கூட்டத்தில வையுங்கோ. முழுக்கவோ பாதியோ திருப்பித் தாறம் எண்டு தீர்மானிச்சா தீர்மானத்தின்ர படி செக்கில வாங்குங்கோ. இல்லையெண்டா "ரீச்சரின்ர அன்பளிப்பு" எண்டு கணக்கில பதியச் சொல்லுங்கோ. ரெண்டில எது நடந்தாலும் ஸ்டாப் ரூம் கதை அந்தக் கூட்டத்தோட முடிஞ்சிடும். இனிமேல் சொந்தக் காசு போடுறதை நிப்பாட்டுங்கோ, இதை ஒரு அக்கா சொல்லுறமாதிரிக் கேளுங்கோ.

ஹாட்வெயார் முதலாளியும் மகனும்

லஞ்சம் எண்டால் காசு மட்டும்தான் எண்டு நாங்கள் நினைக்கிறம். சட்டம் அதை இன்னும் அகலமாப் பாக்குது. பாடசாலைக்குச் சாமான் குடுக்கிற ஒருத்தர், ஆசிரியரிட்ட தன்ர பிள்ளைக்கு ஒரு இடம் கேட்டு, அதுக்குப் பதிலா சாமான் தாறது எண்டது நல்லாப் படுற விசயமில்லை. அடுத்தமுறை பெயின்ற் வாங்கேக்க வேற கடை விலைமனு குறைவா வந்தா என்ன செய்வியள்?

சாமானை வேண்டாம் எண்டு சொல்லத் தேவையில்லை, கொடுக்கல் வாங்கலைப் பிரியுங்கோ. ரீமுக்கு ஆள் எடுக்கிறதுக்கு ஒரு விதி எழுதி நோட்டீஸ் போர்ட்டில போடுங்கோ, ரெண்டு கிழமை வந்து வேலை செய்து பாக்கிறது, பிறகு தெரிவு, கப்டனைப் பிள்ளையளே தெரிவு செய்யிறது. முதலாளியின்ர மகன் எல்லாரையும் போல வரட்டும். அவன் கெட்டிக்காரனாக்கூட இருக்கலாம், அப்பிடி எண்டால் கப்டன் பதவியைத் தூக்கிக் குடுக்கிறது அவனுக்குத்தான் பெரிய அநியாயம், கடைசி வரைக்கும் அப்பாவின்ர குழாயில வந்தவன் எண்டுதான் சொல்லுவினம்.

ரோபோ ஆருக்குச் சொந்தம் எண்ட கேள்வி இங்கதான் வருது. நன்கொடை விசயத்தில எங்கட நாட்டில ரோமன் டச்சுச் சட்டம்தான் அடிப்படை. நன்கொடை எண்டு ஒருத்தர் குடுத்து, மற்றப் பக்கம் ஏத்து, சாமான் கைமாறிட்டுது எண்டால் மிக அரிதான காரணம் இருந்தாலொழிய திருப்பிக் கேக்கேலாது. இரவல் எண்டு தந்தா அது எப்பவும் தந்தவரின்ரதான். அதால ஒவ்வொரு சாமானுக்கும் நன்கொடையோ இரவலோ எண்டு எழுத்தில இருக்கோணும், நன்கொடை எல்லாம் பாடசாலையின்ர பொருட்பதிவேட்டில ஏறோணும். ஏத்தாட்டி அடுத்த வருசம் நீங்கள் மாற்றலாகிப் போகேக்க அந்த ரோபோவைக் கொண்டு போயிட்டீங்கள் எண்டு ஒரு கதை, இல்லையெண்டால் ஆரோ கழட்டிக்கொண்டு போய் அது காணாமப் போன கதை.

போன் நம்பரும் படமும்

இந்த ஒண்டரை லட்சம்தான் மூண்டிலயும் பெரிசு, மூண்டிலயும் விலை கூடினதும் இதுதான்.

லீசிங் கொம்பனிக்கு உங்கட ரோபோவில என்ன ஆர்வம் எண்டு யோசியுங்கோ. ரீசேட்டில பேர் போட்டா அது விளம்பரம், அது நியாயமான ஆசை. பெற்றாரின்ர போன் நம்பர் லிஸ்ட் எதுக்கு? அதை வைச்சு ரோபோ செய்யேலாது, கடன் விக்கலாம். வன்னியில நுண்கடன், லீசிங் எண்டு போன குடும்பங்கள் பட்ட பாட்டை நீங்களும் கண்டிருப்பியள், நானும் என்ர மேசையில நாள்தோறும் காணுறன். பொம்பிளையளின்ர கடன் சுமை எந்தளவுக்குப் போனது எண்டால், 2018ல வறட்சி பாதிச்ச மாவட்டங்களில ஒரு தொகுதி நுண்கடனை அரசாங்கமே தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. அப்பிடியான ஒரு ஊரில பள்ளிக்கூடமே கடன்காரருக்கு வீட்டு வாசலைக் காட்டிவிடக்கூடாது. பெற்றார் உங்களுக்கு நம்பர் தந்தது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா சொல்லுறதுக்கு.

சட்டமும் அப்பிடித்தான் பாக்குது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளையளைப் பற்றின தரவுகளை விசேட பாதுகாப்பு வேண்டிய வகைக்குள்ள வைச்சிருக்கு. இந்தச் சட்டத்தின்ர பகுதிகள் கட்டங்கட்டமாத்தான் நடைமுறைக்கு வருது, அதால இண்டைக்கே ஆரையும் கோட்டுக்கு ஏத்தலாம் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா ஒரு தேவைக்கு எண்டு வாங்கின விபரத்தை வேற தேவைக்குக் குடுக்கிறது பிழை எண்டதைப் புரிஞ்சுகொள்ள சட்டம் முழுக்க வரும்வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

படம் எடுக்கிறது வேற விசயம், அதுக்கு வழி இருக்கு. எங்கட நாட்டில 18 வயது ஆகாத பிள்ளையின்ர கையெழுத்துக்குப் பெறுமதியில்லை, தரம் 12 பிள்ளை "எனக்கு ஓகே ரீச்சர்" எண்டாலும் பெற்றாரின்ர எழுத்துமூலச் சம்மதம் வேணும். ரீச்சரோ அதிபரோ அவைக்காகக் கையெழுத்து வைக்கேலாது. சம்மதக் கடிதத்தில எந்தப் படம், எங்க போடுறது, எத்தினை மாசம் எண்டு தெளிவா இருக்கோணும், பிள்ளையின்ர முழுப் பேரும் ஊரும் படத்துக்குக் கீழ வரக்கூடாது. எல்லாருமா நிண்டு ரோபோவோட எடுத்த ஒரு குழுப்படம் போட்டி முடிஞ்ச கையோட ஒருக்கா பேஸ்புக்கில போட எண்டால் பெரும்பாலான பெற்றார் ஓம் எண்டுவினம். "ஒரு வருசத்துக்கு விளம்பரத்துக்கு" எண்டால் அந்தப் பிள்ளை லீசிங் பனரில கைகாட்டி நிக்கும், அதைப் பிறகு ஆராலயும் கழட்டேலாது.

அதால கொம்பனிக்கு நான் எழுதுற பதில் இப்பிடி இருக்கும்: பேர் போடலாம், குழுப்படம் சம்மதம் உள்ள பிள்ளையளோட மட்டும், பெற்றார் கூட்டத்தில நேரம் இல்லை, லிஸ்ட் இல்லை. அதுக்கும் தாறம் எண்டால் பிறகு யோசிக்கலாம். காசு குறைஞ்சாலும் பரவாயில்லை எண்டு சொல்ல நீங்கள் தயாரா இருக்கோணும்.

மற்றது, இனி வாற ஆக்களில சாராயம், சிகரட் விக்கிற நிறுவனம் எண்டு ஒண்டு வந்தா அதைப்பற்றி யோசிக்கவே தேவையில்லை, 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அந்த மாதிரி அனுசரணையைத் தடுக்குது.

கடைக்காரரிட்ட எப்பிடிக் கேக்கிறது

உங்கட அந்த ரெண்டு வரிக்கு வாறன். எங்கட சனம் கோயிலுக்குக் குடுக்கும் படிப்புக்குக் குடுக்காது எண்டது எனக்கு ஏத்துக்கொள்ளக் கஸ்டமா இருக்கு. கோயிலுக்கு ஏன் குடுக்கினம் எண்டு பாருங்கோ. மூண்டாந் திருவிழா இன்ன கடைக்காரரின்ர உபயம் எண்டால் அவருக்கு என்ன நாள், என்ன செலவு, எங்க தன்ர பேர் வரும், மிச்சத்தை ஆர் பாப்பினம் எண்டு எல்லாம் தெரியும். வற்றாப்பளைப் பொங்கலுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுறவர் எத்தினை பேர் குடிச்சினம் எண்டு கண்ணால காணுறார். நீங்கள் போய் "ரோபோ ரீமுக்கு உதவி செய்யுங்கோ, 2,85,000 வேணும்" எண்டு கேட்டா அந்தாளுக்கு எங்க பிடிக்கிறது எண்டே தெரியாது. அந்தத் தொகையை உபயம் மாதிரிப் பிரியுங்கோ. நாலு சில்லும் மோட்டரும் ஒரு கடை, பற்றரியும் சார்ஜரும் ஒரு கடை, கொழும்புக்குப் போற வான் ஒருத்தர், ரெண்டு நாள் சாப்பாடு ஒருத்தர். ஒவ்வொண்டுக்கும் விலை எழுதுங்கோ. பிறகு ரோபோவைக் கையோட கொண்டு போய் கடை மேசையில ஓடவிட்டுக் காட்டட்டும் பிள்ளையள். நீங்கள் கதைக்காதேங்கோ, அவையே கதைக்கட்டும்.

நீங்கள் கடையளுக்குப் போன மாசமும் பிழை. ஐப்பசியில விதைப்பு நடக்குது, உரக்கடை, மருந்துக்கடை, ஹாட்வெயார் எல்லாத்தின்ர காசும் கமக்காரரிட்ட கடனாப் போய் வயலுக்குள்ள கிடக்கு. "பாப்பம்" எண்டு அவை சொன்னது பொய்யில்லை. காலபோக அறுவடை தொடங்கி தை, மாசியில நெல்லுக்காசு கைக்கு வரேக்க அதே கடைக்குத் திரும்பப் போங்கோ. போட்டி பங்குனியில எண்டதால காலம் இறுக்கம்தான், அதால சாமானை இப்ப கேளுங்கோ, காசை மாசியில கேளுங்கோ.

காசைவிடப் பெரிய உதவி ஒண்டு உங்களுக்குப் பக்கத்திலயே இருக்கு, கடிதத்தில அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. லேத் (கடைசல் மெசின்) கடை, மோட்டச்சைக்கிள் கராஜ், உழவு மெசின் திருத்துற இடம். யுத்தகாலப் பொருளாதாரத் தடையில மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓட்டின கையள் இன்னும் எங்கட ஊரில இருக்கு. பழைய வாகனத்தின்ர வைப்பர் மோட்டரைக் கழட்டித் தர அவைக்கு அஞ்சு நிமிசம், அது நல்ல இழுவையுள்ள மோட்டர். ஒரு சாஃப்ட் (சுழல்தண்டு) கடைஞ்சு தாறதுக்கு அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலத்தையும் ரீசேட்டில பேரா எழுதுங்கோ, அவருக்கு அது பெரிய மரியாதை. கிளிநொச்சி அறிவியல் நகரில யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல் பீடம் இருக்கு, இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் அங்கதான். அதிபரின்ர கடிதத்தோட போய் ஒரு சனிக்கிழமை வந்து பிள்ளையள் எழுதின கோட்டைப் பாக்கச் சொல்லிக் கேளுங்கோ, அதுக்குக் காசே தேவைப்படாது.

அமெரிக்காக் கதையும் நீங்கள் நினைக்கிறமாதிரி இல்லை. அங்க ஃபர்ஸ்ட் எண்டொரு அமைப்பு, டீன் கேமன் எண்ட கண்டுபிடிப்பாளர் 1989ல தொடங்கினது, 1992ல நியூ ஹாம்ப்ஷயரில ஒரு பள்ளிக்கூட ஜிம்முக்குள்ள 28 ரீமோடதான் முதல் போட்டி நடந்தது. நாசா மாதிரிப் பெரிய இடங்கள் சில ரீமுக்குக் காசு குடுக்குது எண்டது உண்மை. ஆனா கன ரீம் இண்டைக்கும் தங்கட ஊர்க் கடை, வேர்க்சொப், பல் டொக்டர், சாப்பாட்டுக்கடை எண்டு கதவு கதவாத் தட்டித்தான் சேர்க்குது, பிள்ளையளே கடிதம் எழுதி, பிள்ளையளே போய்க் கதைச்சு. தந்தவையின்ர பேர் ரோபோவிலயும் உடுப்பிலயும் ஒட்டியிருக்கும். சீசன் முடிஞ்சதும் நன்றிக் கடிதம் எழுதுறதும், ரோபோவைக் கொண்டுபோய்க் காட்டுறதும் அவையின்ர வேலையில ஒரு பகுதி. கேக்கிறதில வெக்கப்பட ஒண்டும் இல்லை ரீச்சர், அங்க அதைப் படிப்பாத்தான் வைச்சிருக்கினம்.

கடைக்காரர் ஆரும் வரி குறையுமோ எண்டு கேட்டா நீங்கள் வாக்குக் குடுக்காதேங்கோ. விளம்பரச் செலவாப் போடுறதோ நன்கொடையாப் போடுறதோ எண்டதுக்கு வேற வேற விதி, அதை அவரின்ர கணக்காளர் பாக்கட்டும். நீங்கள் குடுக்கவேண்டியது சங்கத்தின்ர பற்றுச்சீட்டு.

ஒரு பக்கக் கடிதம்

தாற ஒவ்வொருத்தரோடயும் ஒரு பக்கத்தில கடிதம் இருக்கட்டும், முத்திரை ஒட்டின பெரிய ஒப்பந்தம் ஒண்டும் வேண்டாம். தமிழிலயே எழுதுங்கோ. என்ன தாறார், எவ்வளவு, எப்ப. நன்கொடையோ இரவலோ. பேர் எங்க வரும், எந்தளவில, எது வரைக்கும். ஆள் தெரிவிலயோ பாடசாலையின்ர கொள்வனவிலயோ அவருக்கு ஒரு சொல்லும் இல்லை எண்டு ஒரு வரி. ரீம் தோத்தாலும் போட்டி பிந்தினாலும் காசு திருப்பிக் கேக்கப்படாது எண்டு ஒரு வரி, இதை ஆரும் யோசிக்கிறதில்லை, ஆனா வெண்டு வருவினம் எண்டு நம்பித் தந்தவருக்குக் கோவம் வாற இடம் இதுதான். மிச்சக் காசு அடுத்த வருச ரீமுக்கு. கீழ அதிபர், சங்கப் பொருளாளர், தாறவர் மூண்டு பேரின்ர கையெழுத்து. உங்கட கையெழுத்து அதில தேவையில்லை.

ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு எண்டு கேட்டியள். பாடசாலை நேரத்துக்குப் பிறகு எண்டாலும் உங்கட கண்காணிப்பில நடக்கிற வேலையில கவனக்குறைவு இருந்தா கேள்வி உங்களிட்டயும் பாடசாலையிட்டயும்தான் வரும். அதால கவனமா இருந்ததுக்கு ஆதாரம் இருக்கட்டும். லேத் கடைக்குப் பிள்ளையள் போனா பெரியாள் ஒருத்தர் கூடப் போகோணும், ஓடுற மெசினில பிள்ளையள் கை வைக்கக்கூடாது, பாதுகாப்புக் கண்ணாடி போடோணும், தலைமயிர் கட்டியிருக்கோணும். லித்தியம் பற்றரியை இரவில சார்ஜில போட்டிட்டுப் படுக்கிறது எண்டது கொழும்புத் தங்குமிடத்தில கட்டாயம் நடக்கப் போற விசயம், பிள்ளையளுக்கு இப்பவே சொல்லி வையுங்கோ, அது வீங்கித் தீப்பிடிக்கலாம். பயணத்துக்குப் பெற்றாரின்ர சம்மதக் கடிதம், பொம்பிளைப் பிள்ளையள் ஐஞ்சு பேர் போறதால உங்களோட இன்னொரு பெண் ஆசிரியை அல்லது ஒரு அம்மா.

இனி அந்தப் பிள்ளை. அவ அடம்பிடிக்கிறா, ரீமின்ர ஒற்றுமை குழம்புது எண்டு எழுதியிருக்கிறீங்கள். எனக்கு அப்பிடித் தெரியேல்லை. பதினாறு பதினேழு வயசுப் பிள்ளை, ரோபோவில உயிரை விடுற பிள்ளை, ஒரு கொம்பனியின்ர பேரை மட்டும் நெஞ்சில போடமாட்டன் எண்டு சொல்லுது, ஏன் எண்டு சொல்லுதில்லை எண்டால், அந்தப் பேரை அது வீட்டு வாசலில கேட்டிருக்கலாம். அம்மா கட்டேலாமப் போன தவணையோ, முற்றத்தில வந்து சத்தம் போட்ட ஆளோ, தூக்கிக்கொண்டு போன மோட்டச்சைக்கிளோ, எனக்குத் தெரியாது, நான் சொல்லுறது பிழையாவும் இருக்கலாம். ஆனா எல்லாப் பிள்ளையளுக்கும் முன்னால வைச்சு இனி ஒருக்காவும் கேக்காதேங்கோ. தனிய இருக்கேக்க, "நீ காரணம் சொல்லத் தேவையில்லை, உன்னைக் கட்டாயப்படுத்தமாட்டன்" எண்டு மட்டும் சொல்லுங்கோ. விருப்பமெண்டா தானாச் சொல்லும். அப்பிடி ஏதும் கடன் பிரச்சினை இருந்தா தாயை என்னிட்டயோ மாவட்ட சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்கோ அனுப்புங்கோ, அங்க ஏழைக் குடும்பங்களுக்குக் காசில்லாம ஆலோசனை குடுப்பினம்.

கொம்பனிக்குப் பதில் எழுதிறதுக்கு முதல் இந்தக் கதையை முடியுங்கோ. அந்தப் பிள்ளை போடாத ரீசேட்டை மற்ற எட்டுப் பேரும் போட்டுக்கொண்டு மேடையில நிக்கிறமாதிரி வாறதெண்டால், ஒண்டரை லட்சம் வேண்டாம் ரீச்சர். தை பிறந்த பிறகு அறுவடைக் காசோட பத்துக் கடை ஏறலாம், வான்காரரிட்டக் கேட்டுப் பாக்கலாம், சாப்பாட்டைப் பெற்றார் கட்டித் தருவினம். அந்தக் கொம்பனி தந்த படிவம் உங்களிட்ட இருந்தா கையெழுத்து வைக்காம அப்பிடியே போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கோ, பதில் கடிதத்தை நானே எழுதித் தாறன்.